காஸ்ஃபோர்த் கற்சிலுவை: நாலு பக்கமும் நின்னு படிச்சுப் பாக்க முழுமையான வழிகாட்டி

முதல் தடவை நான் காஸ்ஃபோர்த் போனப்ப சாயங்காலம் அஞ்சு மணி, நல்ல வெயில், சூரியன் நேரா சிலுவையோட மேற்கு முகத்துல அடிச்சிட்டு இருந்துச்சு. சரியான நேரத்துக்கு வந்துட்டோம்னு சந்தோஷமா கிட்ட போய் நின்னேன், ஆனா ஒண்ணுமே தெரியல. செம்மண் நிறத்துல ஒல்லியா ஒரு கல்தூண், மேல சின்னதா ஒரு சிலுவைத் தலை, நடுவுல ஏதோ புழு நெளிஞ்ச மாதிரி கோடு, அவ்ளோதான். இருபது நிமிஷம் சுத்திப் பாத்துட்டு மனசு ஆறாமலே திரும்பிட்டேன். ரெண்டாவது தடவை ஒரு அக்டோபர் மாசம், மதியம் ஒன்றரை மணி வாக்குல போனேன், அதே மேற்கு முகத்துல ஒரு பொம்பளை மண்டி போட்டு உக்காந்து கையில கிண்ணம் ஏந்திட்டு இருக்கறது, அவ பின்னல் முதுகுல தொங்கறது வரைக்கும் தெரிஞ்சுச்சு. கல்லு அதே கல்லுதான், வெளிச்சம் வந்த பக்கம்தான் வேற. இதை யாராவது முன்னாடியே சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும்னு அன்னிக்கு நினைச்சேன், அதனாலதான் இதை இவ்ளோ விளக்கமா எழுதறேன்.

இது எங்க இருக்குன்னா, இங்கிலாந்தோட வடமேற்கு மூலையில கம்ப்ரியா, அங்க கடலுக்கும் மலைக்கும் நடுவுல காஸ்ஃபோர்த்னு ஒரு கிராமம், அந்த ஊர் செயின்ட் மேரி சர்ச்சோட கல்லறைத் தோட்டத்துல வெட்டவெளியில நிக்குது. உயரம் சுமார் 4.4 மீட்டர், சிவப்பு மணற்கல். செதுக்கினது 10ஆம் நூற்றாண்டோட முதல் பாதி, பொதுவா கி.பி. 920லிருந்து 950க்குள்ளன்னு சொல்லுவாங்க. அதாவது ஆயிரம் வருஷத்துக்கும் மேல மழையில நனைஞ்சுக்கிட்டே நிக்குது. அந்தக் காலத்துச் சிலுவைகள்ல பாதிக்கு மேல உடைஞ்சு, சுவத்துல கல்லா போய், தலை போய் முண்டமாதான் மிஞ்சியிருக்கு, இது தலையோட முழுசா நிக்குது.

ஆனா உயரமும் வயசும் மட்டும் இல்ல விஷயம். இது ஒரு கிறிஸ்தவச் சிலுவை, அதுல இயேசுவோட சிலுவைப்பாடு ஒரே ஒரு இடத்துலதான் இருக்கு. மீதி இடத்துல பெரும்பாலும் ஸ்காண்டிநேவியாவுல இருந்து வந்த வைக்கிங் மக்களோட பழைய சாமி கதைகள், அதுவும் சாதாரணக் கதை இல்ல, உலகம் அழியற கதை, ரக்னரோக்னு சொல்லுவாங்களே அது. ரெண்டும் ஒரே கல்லுல எப்படி வந்துச்சுங்கறதைத்தான் அங்க நின்னு பாக்கணும்.

முதல் படி: வீட்லயே மூணு கதை தெரிஞ்சுக்கிட்டுப் போங்க

நார்ஸ் புராணம், அதாவது அந்த வைக்கிங் சாமி கதைகள், முழுசும் படிக்க வேண்டாம், மூணு கதை போதும்.

ஒண்ணு, லோகி கட்டுண்ட கதை. லோகி தேவர்களோடயே இருந்து துரோகம் பண்ணவன், பால்டர்ங்கற எல்லாருக்கும் பிடிச்ச தேவன் சாகறதுக்கு காரணமா இருந்தவன். அவனைப் பிடிச்சு, அவன் பெத்த மகனோட குடலையே கயிறாக்கிப் பாறையில கட்டிப் போடறாங்க. முகத்துக்கு மேல ஒரு பாம்பைத் தொங்க விடறாங்க, விஷம் சொட்டு சொட்டா விழணும்னு. அவன் பொண்டாட்டி சிகின் பக்கத்துலயே உக்காந்து ஒரு கிண்ணத்துல அந்த விஷத்தை ஏந்திக்கிட்டே இருக்கா. கிண்ணம் நிறைஞ்சா கொட்டப் போகணும் இல்லையா, அந்த ஒரு நிமிஷம் விஷம் அவன் மேல விழும், அவன் துடிக்கிற துடிப்புலதான் பூமி அதிருதுன்னு கதை. கடைசி நாள்ல இவன் கட்டு அறுந்து வெளிய வருவான், அதோட அழிவு ஆரம்பிக்கும்.

ரெண்டாவது, விதார் கதை. கடைசிப் போர்ல ஃபென்ரிர்ங்கற ராட்சச ஓநாய் ஓடினையே முழுங்கிடும், ஓடின்தான் தேவர்களுக்குத் தலைவர். அவர் மகன் விதார் ஓடி வந்து ஒரு காலை ஓநாயோட கீழ்த்தாடையில அழுத்தி, கையால மேல்த்தாடையைப் பிடிச்சுக் கிழிச்சுடுவான். அந்தக் காலுக்கு மட்டும் ஒரு கெட்டியான செருப்பு, ஜனங்க செருப்பு தைக்கிறப்ப முன்னாடியும் குதிகால்லயும் வெட்டிப் போடற தோல் துண்டையெல்லாம் காலம் காலமா சேத்துச் செஞ்சதாம். அதனால தேவர்களுக்கு உதவணும்னு நினைக்கிறவங்க அந்தத் துண்டைத் தூக்கிப் போட்டுடணும்னு கதையிலயே சொல்லியிருக்கு. எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இது, உலகத்தைக் காப்பாத்த ஒரு செருப்புத் தைக்கிறவரோட கழிவுத்தோல் போதும்ங்கறது.

மூணாவது உங்களுக்குத் தெரிஞ்சதுதான், இயேசு சிலுவையில தொங்கறப்ப ஒரு போர்வீரன் ஈட்டியால விலாவுல குத்தின கதை. மரபுல அவனுக்கு லாங்கினஸ்னு பேரு.

ஒரு விஷயம் மனசுல வெச்சுக்கோங்க. லோகி, விதார் கதைகளை இவ்ளோ விவரமா எழுதி வெச்சது ஸ்னோரி ஸ்டுர்லுசன், ஐஸ்லாந்துல, கிட்டத்தட்ட 1220 வாக்குல. காஸ்ஃபோர்த் கல்லு அதுக்கு ஏறக்குறைய 300 வருஷம் முந்தினது. ஏட்டுல ஏறுறதுக்கு முன்னாடி வாய்வழியா மட்டும் இருந்த கதையை இந்தக் கல்லுல யாரோ உளியால எழுதியிருக்காங்க. அதனால புத்தகத்தை வெச்சு கல்லைத் திருத்தாதீங்க, கல்லு சொல்றதை தனியாவே கேளுங்க.

ரெண்டாவது படி: வெளிச்சம் பாத்து நேரம் முடிவு பண்ணுங்க

இந்த வழிகாட்டியில ஒரே ஒரு பகுதியத்தான் படிப்பேன்னா இதைப் படிங்க.

புடைப்புச் சிற்பம் கண்ணுக்குத் தெரியறது நிழலால. சூரியன் நேர் எதிர்ல இருந்து அடிச்சா நிழல் விழாது, எல்லாம் தட்டையாயிடும், எனக்கு முதல் தடவை நடந்தது அதான். சூரியன் அந்த முகத்தை பக்கவாட்டுல உரசிக்கிட்டுப் போகணும், அப்பதான் அரை சென்டிமீட்டர் மேடு கூட நிழல் விட்டுத் தெரியும். சிலுவையோட நாலு முகமும் ஏறக்குறைய நாலு திசையைப் பாத்து நிக்குது, அதனால கணக்கு சுலபம்.

கிழக்கு முகம்னா, சூரியன் நேர் தெற்குக்கு வர்றதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி. மேற்கு முகம்னா தெற்கைத் தாண்டின பிறகு ஒரு மணி நேரத்துக்குள்ள. அங்க கோடைக்கு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளி வெச்சுடுவாங்க, அதனால மார்ச் கடைசியிலிருந்து அக்டோபர் கடைசி வரைக்கும் சூரியன் நேர் தெற்குல வர்றது மதியம் ஒரு மணி வாக்குல, குளிர்காலத்துல பன்னிரண்டை ஒட்டி. ஆக கோடையில பன்னிரண்டு மணிக்கு அங்க இருந்தீங்கன்னா முதல்ல கிழக்கு, சாப்பாட்டு நேரம் தாண்டினதும் மேற்கு, ரெண்டையும் நல்ல வெளிச்சத்துல பாத்துடலாம்.

தெற்கு முகத்துக்கு காலையோ சாயங்காலமோ சூரியன் கிழக்கு மேற்கை ஒட்டி இருக்கணும். வடக்கு முகம்தான் கஷ்டம், வருஷத்துல பாதி நாள் அதுல வெயிலே படாது. ஆனா ஜூன் மாசம் அந்த அட்சரேகையில சூரியன் வடமேற்குல போய்தான் மறையும், சாயங்காலம் ஆறு மணி தாண்டினதும் நேர் மேற்கைக் கடந்து வடக்கு முகத்தை லேசா உரச ஆரம்பிக்கும், பொழுது சாய ஒன்பதே முக்கால் ஆயிடும், அதனால ஏழு மணி எட்டு மணிக்கு அங்க நின்னா வடக்கு முகமும் எழுந்து வரும், மரமோ மேகமோ மறைக்காத வரைக்கும். நாலு முகமும் ஒரே நாள்ல பாக்கணும்னா ஜூன்தான் சரி.

மேகமூட்டமா இருந்தா (கம்ப்ரியாவுல அதுக்குத்தான் வாய்ப்பு அதிகம்) ஒரு நல்ல டார்ச் எடுத்துக்கோங்க, பொழுது சாயற நேரத்துல பக்கவாட்டுல இருந்து அடிச்சுப் பாருங்க. கூட ஒருத்தர் இருந்தா அவர் கையில டார்ச்சைக் குடுத்துட்டு நீங்க முன்னாடி நிக்கறது நல்லது, டார்ச்சை மெதுவா நகத்தச் சொல்லுங்க, நிழல் நகர நகர உருவம் கல்லுல இருந்து வெளிய வர்றது தெரியும்.

மூணாவது படி: போற வழி, பையில வைக்க வேண்டியது

ட்ரெயின்னா கார்லைல்ல இறங்கி கம்ப்ரியன் கோஸ்ட் லைன் பிடிக்கணும், கடலை ஒட்டியே போற பாதை, சீஸ்கேல் ஸ்டேஷன்ல இறங்கினா அங்கிருந்து காஸ்ஃபோர்த் சுமார் 4 கிலோமீட்டர். நடக்கலாம், டாக்ஸி வேணும்னா முன்கூட்டியே சொல்லி வெச்சுக்கோங்க, ஸ்டேஷன் வாசல்ல நிக்கும்னு நம்பிப் போகாதீங்க. கார்னா ஏ595 ரோடு, ஊருக்குள்ள திரும்பினா சர்ச் சுலபமா கண்ணுல படும். கடைசி ட்ரெயின் எத்தனை மணிக்குன்னு முன்னாடியே பாத்து வெச்சுக்கோங்க, முக்கியமா ஞாயித்துக்கிழமை.

பையில பைனாகுலர் கண்டிப்பா. முக்கியமான காட்சியெல்லாம் நம்ம தலைக்கு மேல இருக்கு, வெறும் கண்ணால அண்ணாந்து பாத்தா கழுத்து வலிதான் மிஞ்சும். அப்புறம் மழைக்கோட்டு, டார்ச், ஒரு நோட்டு, பென்சில். போன் போதும், பெரிய கேமரா இல்லன்னு வருத்தப்பட வேண்டாம்.

நாலாவது படி: கிட்ட போகாதீங்க, முதல்ல தூரத்துல நில்லுங்க

பத்து பதினஞ்சு அடி தள்ளி நின்னு முழு வடிவத்தைப் பாருங்க. மூணு படி வெச்ச பீடம், அதுக்கு மேல தூண். தூணோட கீழ்ப்பாதி வட்டம், மேல்ப்பாதி சதுரம். வட்டமான பகுதியோட மேல் பக்கம் சுத்தி வளையம் வளையமா, செதில் அடுக்கின மாதிரி ஒரு வேலைப்பாடு இருக்கும், மரப்பட்டை மாதிரி. அதனாலதான் இது ஒரு மரம், நார்ஸ் கதையில உலகத்தையே தாங்கி நிக்கற யக்ட்ராசில் மரம்னு நிறைய பேர் படிக்கிறாங்க. சிலுவையையும் மரம்னு சொல்ற பழக்கம் கிறிஸ்தவத்துல ஆதியிலிருந்தே உண்டு, அதனால ரெண்டு மரமும் ஒண்ணா நிக்குதுன்னு எடுத்துக்க இடம் இருக்கு. எனக்கு இந்த விளக்கத்துல நம்பிக்கை உண்டு, ஆனா அது விளக்கம்தான், கல்லுல பேர் எழுதியில்ல.

உச்சியில சிலுவையோட கைகளை இணைச்சு ஒரு வளையம் இருக்கு பாருங்க. இந்த வளையத்தலை அயர்லாந்துலயும் மேன் தீவுலயும் பழக்கமானது. டப்ளின்ல இருந்த வைக்கிங்குகளை 902ல அங்கிருந்து விரட்டினாங்க, அந்தக் காலத்துல ஐரிஷ் கடலைத் தாண்டி இந்தக் கரைக்கு வந்து குடியேறினவங்க நிறைய. கம்ப்ரியாவுல இன்னிக்கும் ஓடையை பெக்னு சொல்றாங்க, மலையை ஃபெல்னு சொல்றாங்க, மலைமேல இருக்கற குட்டி ஏரி டார்ன், எல்லாமே அவங்க விட்டுட்டுப் போன சொல்லு. காஸ்ஃபோர்த்துக்குப் பக்கத்துல வாஸ்டேல் பள்ளத்தாக்கு இருக்கே, அந்தப் பேருக்கும் அவங்க பாஷையில தண்ணிப் பள்ளத்தாக்குன்னுதான் அர்த்தம்.

இன்னொண்ணு, இப்ப பாக்கறது வெறும் கல்லு. அந்தக் காலத்துக் கற்சிற்பங்கள்ல சிவப்பு, கறுப்பு, வெள்ளைச் சாயத்தோட தடயம் வேற இடங்கள்ல கிடைச்சிருக்கு, இதுவும் வண்ணம் பூசி நின்னிருக்க வாய்ப்பு அதிகம். ஒரு நிமிஷம் கண்ணை மூடி அதைக் கற்பனை பண்ணிட்டு அப்புறம் கிட்ட போங்க.

அஞ்சாவது படி: கிழக்கு முகம்

இங்கிருந்துதான் ஆரம்பிக்கணும், ஏன்னா சிலுவைப்பாடு இங்கதான் இருக்கு. வட்டம் சதுரமா மாறுற இடத்துக்குக் கொஞ்சம் மேல தேடுங்க. ஒரு சட்டத்துக்குள்ள ஒரு உருவம் கையை ரெண்டு பக்கமும் விரிச்சு நிக்கும். அதுல சிலுவை இருக்காது. ஆமா, சிலுவைப்பாட்டுக் காட்சி, ஆனா பின்னாடி சிலுவை மரம் செதுக்கல, மொத்தத் தூணே சிலுவையா இருக்கறதால வேண்டாம்னு விட்டிருக்கலாம்னு எனக்குத் தோணும். சட்டத்துக்குக் கீழ ரெண்டு பேர் எதிரும் புதிருமா. ஒருத்தன் ஈட்டிக்காரன், லாங்கினஸ். இன்னொண்ணு ஒரு பொம்பளை, நீளமா இழுபடற பாவாடை, முதுகுல முடிஞ்ச பின்னல், கையில ஏதோ ஒண்ணு ஏந்தியிருக்கா.

இந்தப் பொம்பளை கிட்ட நேரம் எடுத்துக்கோங்க. ஸ்காண்டிநேவியாவுல கிடைச்ச சின்னச் சின்ன வெள்ளிப் பதக்கங்கள்ல இதே உடை, இதே பின்னலோட பெண்கள் இருக்காங்க, போர்ல செத்த வீரனுக்கு கொம்புக் கிண்ணத்துல மது கொடுத்து வரவேற்கற பெண்கள். கிறிஸ்தவ மரபுப்படி பாத்தா தைலக் குப்பியோட வர்ற மகதலேனா மரியாள்னு சொல்றாங்க. சிற்பிக்கு சிலுவை அடியில ஒரு பெண்ணைக் காட்டணும், அவர் கைக்குப் பழக்கமான பெண் உருவம் இதுதான். ஈட்டிக் குத்து வாங்கிச் சாகறவரையே சிலர் பால்டர்னு கூட படிச்சிருக்காங்க, இப்ப பெரும்பாலும் இயேசுன்னுதான் ஏத்துக்கறாங்க, நானும் அப்படித்தான் பாக்கறேன்.

இப்ப பைனாகுலரை அதுக்கு மேல கொண்டு போங்க. பெரிய மிருகத்தலை, வாயைப் பிளந்து. அதுக்கு எதிர்ல ஒரு ஆள், ஒரு கையில ஈட்டி, இன்னொரு கை மேல்த்தாடையில, ஒரு கால் வாய்க்குள்ள கீழ்த்தாடையை மிதிச்சுக்கிட்டு. விதார். செருப்புக் கதை ஞாபகம் வருதா? அந்தக் கால் எங்க இருக்குன்னு நிதானமா தேடிக் கண்டுபிடிங்க, கண்டுபிடிச்ச அந்த நிமிஷம் உடம்பு சிலிர்க்கும், எனக்கு இன்னிக்கும் சிலிர்க்குது. அந்த மிருகத்தோட உடம்பு பின்னல் பின்னலா மேல ஏறிப் போகும், அதைக் கண்ணால பின்தொடர்ந்து போய்ப் பாருங்க, எங்க முடியுதுன்னு.

ஒரே முகத்துல கீழ சாவை ஏத்துக்கிட்ட கடவுள், மேல தகப்பனை முழுங்கின சாவோட வாயைக் கிழிக்கிற மகன். இது தெரியாம நடந்த ஒண்ணு இல்ல. அடுத்தடுத்து வைக்கணும்னு யோசிச்சுத்தான் வெச்சிருக்காங்க.

ஆறாவது படி: தெற்கு முகம்

இங்க ஒரு கலைமான், ஒரு ஓநாயோ நாயோ, ஈட்டி பிடிச்ச குதிரைக்காரன், பின்னல் உடம்பு மிருகங்கள். மானை இயேசுவுக்கு அடையாளமா எடுத்துக்கறவங்க உண்டு, நார்ஸ் கதையிலயும் மான் வருது. நான் இந்த முகத்துல ரொம்ப நேரம் நிக்கறதில்ல, ஆனா மானோட கொம்பு மட்டும் விட்டுடாதீங்க.

ஏழாவது படி: மேற்கு முகம்

இதுக்குத்தான் வந்தோம்னு வெச்சுக்கோங்க. மறுபடி கீழ இருந்து ஆரம்பிங்க. கிழக்குல சிலுவைப்பாடு இருந்த அதே உயரம், அதே மட்டம், தூணுக்கு இந்தப் பக்கம் கட்டுண்ட லோகி. ரெண்டு கட்டுண்ட உடம்பு, முதுகோட முதுகா. ஒருத்தர் குத்தமில்லாம, ஒருத்தன் குத்தத்துக்காக. இது எந்தப் பலகையிலயும் எழுதியிருக்காது, சுத்தி வந்து பாத்தாத்தான் புரியும், அதனாலதான் ஒரு பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துட்டுக் கிளம்பாதீங்கன்னு சொல்றேன்.

லோகி கையும் காலும் கட்டுப்பட்டுக் கிடப்பான். பாம்புத் தலை எங்க இருக்குன்னு பாருங்க. அப்புறம் சிகின், மண்டி போட்டு, முடி பின்னலா முதுகுல தொங்க, பிறை மாதிரி வளைஞ்ச கிண்ணத்தை நீட்டிப் பிடிச்சிருக்கா. முகம் தேஞ்சு போச்சு, கண்ணு மூக்கு எதுவும் இல்ல. ஆனா உடம்பு முன்னாடி சாஞ்சிருக்கற விதத்துல அவ கை வலிக்கிறது தெரியுது. அந்தக் கிண்ணம் ஆயிரம் வருஷமா நிறையாம அங்கேயே நிக்குது. ரெண்டாவது தடவை போனப்ப நான் இவ முன்னாடி முக்கால் மணி நேரம் நின்னேன், நிழல் மெதுவா நகர்ந்து கிண்ணத்தோட வளைவு கரைஞ்சு போறவரைக்கும்.

அதுக்கு மேல குதிரைக்காரன், இன்னும் மேல ஒருத்தர் கையில கொம்பும் கோலும் வெச்சுக்கிட்டு, பிளந்த வாயோட வர்ற ரெண்டு மிருகத்துக்கு எதிர்ல தனியா நிப்பார். இவரை ஹெய்ம்டால்னு சொல்றாங்க, தேவர்களோட காவல்காரர், அழிவு வருதுன்னு கொம்பு ஊதி எழுப்பறவர்.

இதையெல்லாம் ரக்னரோக் காட்சிகள்னு அடையாளம் கண்டு எழுதினது 1880கள்லதான். சார்லஸ் அருண்டெல் பார்க்கர்ங்கற உள்ளூர் டாக்டர், வில்லியம் ஸ்லேட்டர் கால்வர்லிங்கற பாதிரியார், ரெண்டு பேரும் இதுக்காக உழைச்சவங்க. அது வரைக்கும் ஊர்ல எத்தனை தலைமுறை இந்தக் கல்லைத் தாண்டி சர்ச்சுக்குப் போயிருக்கும்! கால்வர்லி இதுல எவ்ளோ ஊறிப் போனார்னா, ஆஸ்பாட்ரியாங்கற தன்னோட ஊர் சர்ச் தோட்டத்துல 1887ல இதே மாதிரி முழு உயரத்துல ஒரு நகல் சிலுவை செஞ்சு நிறுத்தினார். அதுவும் இன்னும் இருக்கு. லண்டன்ல விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்துல ஒரு அச்சு வார்ப்பும் இருக்கு, கம்ப்ரியா வரைக்கும் போக முடியாதவங்க அங்க போய்ப் பாக்கலாம், மழை வெயில் தொந்தரவு இல்லாம.

எட்டாவது படி: வடக்கு முகம்

ரெண்டு குதிரைவீரங்க, அதுல ஒருத்தர் தலைகீழா. கூட மிருகப் பின்னல். யாரு என்னன்னு உறுதியா பேர் சொல்ல முடியாத முகம் இது. பேர் சொல்ல முடியலன்னு தாண்டிப் போயிடாதீங்க, அந்தத் தலைகீழ் ஆள் போர்க்களத்துல விழுந்தவனா, குதிரையோட கவிழ்ந்தவனான்னு நீங்களே பாத்து நோட்டுல வரைஞ்சு வெச்சுக்கோங்க. வரைய வராதுன்னாலும் வரைங்க, கை வரையறப்பதான் கண்ணு ஒழுங்கா பாக்கும்.

ஒன்பதாவது படி: சர்ச்சுக்குள்ள போங்க

வெளிய பாத்துட்டு அப்படியே கிளம்பிடறவங்க நிறைய, அவங்களுக்காக வருத்தப்படறேன். உள்ள ரெண்டு பெரிய கல் இருக்கு, ஹாக்பேக்னு சொல்லுவாங்க, வீடு மாதிரி, முதுகு வளைஞ்ச கூரையில ஓடு வேஞ்ச மாதிரி செதுக்கின கல்லறைக் கற்கள். 1896, 97 வாக்குல சர்ச்சைப் புதுப்பிக்கறப்ப 12ஆம் நூற்றாண்டுச் சுவத்தோட அஸ்திவாரத்துக்கு அடியில இருந்து எடுத்தாங்க. ஒண்ணுல ஆயுதம் ஏந்தின ரெண்டு கூட்டம் எதிரெதிரா நிக்கும், இன்னொண்ணோட முனையில சிலுவைப்பாடு இருக்கும்.

அப்புறம் மீன்பிடிக்கல். சின்னதுதான், ஆனா அருமையான வேலை. ஒரு படகுல ரெண்டு பேர், ஒருத்தர் கையில சுத்தியல், அதான் தோர். உலகத்தையே சுத்திக் கிடக்கற கடல்பாம்பைப் பிடிக்க எருதுத்தலையை இரையா போட்டு தூண்டில் விட்டவர். தண்ணிக்குள்ள அந்தத் தலை தொங்குது, சுத்தி மீன்கள். பக்கத்துல ராட்சசன் ஹைமிர், பயந்துபோய் தூண்டில் கயிறை வெட்டக் கோடாலியோட. வெளிய சிலுவையைப் பாத்த கண்ணோட இதைப் பாத்தா, இந்த ஊர்ல அந்தக் காலத்துல கதை சொல்லத் தெரிஞ்ச நல்ல கைகள் இருந்துச்சுன்னு புரியும்.

போட்டோ, 3டி மாடல் எடுக்க நினைக்கிறவங்களுக்கு

இங்க ஒரு குழப்பம் நிறைய பேருக்கு வருது. கண்ணால பாக்கவும் தனிப் போட்டோவுக்கும் பக்கவாட்டு வெயில் வேணும். ஆனா போட்டோகிராமெட்ரி (நிறைய போட்டோவைக் கம்ப்யூட்டர்ல சேத்து வடிவம் எடுக்கறது) பண்ணி 3டி மாடல் செய்யணும்னா நிழலே ஆகாது, மேகமூட்டமான நாள்தான் தங்கம். சிலுவையைச் சுத்தி மூணு வட்டம் வாங்க, இடுப்பு உயரத்துல ஒண்ணு, தலைக்கு மேல கையை நீட்டி ஒண்ணு, செல்ஃபி ஸ்டிக்கோ கம்போ வெச்சு மேல இருந்து ஒண்ணு, ஒவ்வொரு படமும் முந்தின படத்தோட முக்கால்வாசி பொருந்தற மாதிரி நெருக்கமா எடுங்க. எக்ஸ்போஷரை (படத்தோட வெளிச்ச அளவை) பூட்டி வெச்சுடுங்க, ஜூம் தொடாதீங்க. வீட்டுக்கு வந்து மெஷ்ரூம் மாதிரி இலவச சாஃப்ட்வேர்ல போட்டு, மாடல் வந்ததும் மெஷ்லேப்ங்கற இன்னொரு சாஃப்ட்வேர்ல நிறத்தை எடுத்துட்டு வெறும் சாம்பல் கலர்ல வெச்சு வெளிச்சத்தை நகத்திப் பாருங்க, கற்பாசியோட புள்ளியெல்லாம் மறைஞ்சு செதுக்கல் மட்டும் நிக்கும். நேர்ல வடக்கு முகத்துல கண்ணுக்குப் பிடிபடாத கோடெல்லாம் அப்பதான் எனக்குத் தெரிஞ்சுச்சு.

செய்யவே கூடாதது

கல்லைத் தேய்க்காதீங்க. கோடு தெளிவா தெரியட்டும்னு சாக்பீஸ் பூசறது, தண்ணி ஊத்தறது, பேப்பர் வெச்சு கரி தேய்க்கறது, நகத்தால கற்பாசியைச் சுரண்டறது, எதுவுமே வேண்டாம். கற்பாசியோட இழைங்க மணற்கல்லோட துகளுக்குள்ள இறங்கியிருக்கும், அதைப் பிய்ச்சா சிற்பத்தோட தோலும் சேர்ந்து வரும். ஒரு இடத்துல (வேற ஊர், வேற சிலுவை) ஒருத்தர் நல்ல எண்ணத்தோட பிரஷ் வெச்சுத் தேச்சதைப் பாத்திருக்கேன், கீழ செந்தூள் கொட்டிக் கிடந்துச்சு. அந்தத் தூள்தான் சிற்பம். எனக்கு அன்னிக்குப் பூரா மனசே சரியில்ல.

அது இன்னும் ஆளுங்களைப் புதைக்கிற கல்லறைத் தோட்டம்ங்கறதையும் மறக்காதீங்க. நல்ல ஆங்கிளுக்காக புதுக் கல்லறை மேல கால் வைக்கறதோ, பூக்களை நகத்தறதோ கூடாது. அடக்கம் நடந்தா, பூசை நடந்தா வெளிய காத்திருங்க. உண்டியல்ல முடிஞ்சதைப் போடுங்க, இந்த மாதிரி ஊர்க்கோயிலோட கூரையை அந்தச் சில்லறைதான் காப்பாத்துது.

இன்னும் ஒரு நாள் இருந்தா

பக்கத்துலயே சில கிலோமீட்டர்ல இர்ட்டன், செயின்ட் பால் சர்ச் தோட்டத்துல ஒரு சிலுவை, சுமார் 3 மீட்டர், 9ஆம் நூற்றாண்டு, வைக்கிங்குகள் வர்றதுக்கு முந்தின ஆங்கிலோ சாக்சன் வேலை. அதுல மனுஷ உருவமே இல்ல, பின்னலும் பூவும் கட்டமும்தான். காஸ்ஃபோர்த்தைப் பாத்த அதே நாள்ல இதைப் பாத்தா, நூறு வருஷத்துல கை எப்படி மாறியிருக்குன்னு தெரியும், இர்ட்டன்ல ஒவ்வொரு கோடும் அளந்து வெச்ச மாதிரி, காஸ்ஃபோர்த்துல மிருகம் சட்டத்தையே உடைச்சுக்கிட்டு ஓடற மாதிரி. கார் இருந்தா வடக்க பியூகாசில் வரைக்கும் போங்க, ஸ்காட்லாந்து எல்லைக்குப் பக்கம், தலை இல்லாத ஆனா 4 மீட்டருக்கு மேல உயரமான சிலுவை, ரூனிக்ங்கற பழைய ஜெர்மானிய எழுத்தும் சூரியக் கடிகாரமும் செதுக்கினது, காஸ்ஃபோர்த்தை விட இன்னும் ரெண்டு நூற்றாண்டு பழசு.

வரிசை என்னைக் கேட்டா, காலையில முதல்ல இர்ட்டன், பதினொண்ணரைக்கு காஸ்ஃபோர்த் கிழக்கு முகம், அப்புறம் சர்ச்சுக்குள்ள ஹாக்பேக்கும் மீன்பிடிக்கல்லும், வெளிய வந்து ஒன்றரை மணிக்கு மேற்கு முகத்துல சிகின். அங்க மட்டும் கடிகாரம் பாக்காம நில்லுங்க.